திசைவி காட்டும் எண்கள்

நாம் அனுப்பும் மின்னஞ்சலும் பார்க்கும் காணொளியும் இணையத்தில் ஒரே துண்டாகப் பயணம் செய்வதில்லை. அவை ‘பொட்டலங்கள்’ எனப்படும் சிறுசிறு தரவுத் துண்டுகளாகப் பிரிக்கப்படுகின்றன. ஒவ்வொரு பொட்டலமும் எந்த வழியில் செல்ல வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் கருவியே திசைவி. இதனை ‘ரவுட்டர்’ என்றும் அழைப்பர். பொட்டலங்கள் திசைவிக்குள் வந்துபோகும் வாயிலுக்கு ‘இடைமுகம்’ என்று பெயர்.

கோலாலம்பூரில் தலைமையகமும் பினாங்கில் கிளையும் உள்ள ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டு அலுவலகங்களும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல் இணைந்து இயங்க, அவற்றின் திசைவிகளுக்கு இடையே ‘சுரங்கவழி’ அமைக்கப்படுகிறது. இது மண்ணைத் தோண்டி அமைப்பதன்று. ஒரு கடிதத்தை உறையோடு மற்றோர் உறைக்குள் இட்டு அனுப்புவதைப் போன்றது. ஒரு திசைவி பொட்டலத்திற்கு மேலுறை இடுகிறது. மறுமுனைத் திசைவி அதைப் பிரிக்கிறது. ‘ஜிஆர்இ’ என்னும் முறையின் அடிப்படை அமைப்பில் இம்மேலுறைக்கு 24 பைட் தேவை. எனவே, 1500 பைட் ஏற்கும் இணைப்பில் உள்ளே வைக்கும் பொட்டலம் 1476 பைட்டைத் தாண்டினால், அதைத் துண்டாக்க வேண்டியிருக்கும்.

சுரங்கவழி ஒழுங்காக இயங்குகிறதா என்பதைத் திசைவியின் புள்ளிவிவரங்கள் காட்டுகின்றன. எத்தனை பொட்டலங்கள் வந்தன, எத்தனை சென்றன, எத்தனை கைவிடப்பட்டன என்பனவற்றைத் திசைவி எண்ணிக்கொண்டே இருக்கும். பல மாதங்களாகச் சேர்ந்த மொத்த எண்ணிக்கை இன்றைய சிக்கலை விளக்காது. அதனால், பொறியாளர்கள் எண்ணிகளைப் பூச்சியமாக்கிவிட்டுச் சிறிது நேரம் கழித்து மீண்டும் பார்ப்பார்கள்.

இப்புள்ளிவிவரங்களைப் புரிந்துகொள்ள இன்னோர் எண்ணையும் அறிய வேண்டும். ஓர் இணைப்பு ஒரு வினாடியில் எவ்வளவு தரவைக் கடத்தும் என்பதே அதன் கொள்ளளவு. இது ‘பேண்ட்வித்’ எனப்படும். சிஸ்கோ போன்ற திசைவிகளில் ஒவ்வோர் இடைமுகத்திற்கும் இவ்வளவை எழுதி வைக்கலாம். ஆனால், இவ்வெண்ணை மாற்றினால் இணைப்பின் வேகம் மாறாது. ‘ஆறு வழிச்சாலை’ என்று அறிவிப்புப் பலகை வைப்பதால் இருவழிச்சாலை அகலமாகிவிடுமா?

அப்படியானால் அந்த எண் எதற்கு? முதலாவது, வழியைத் தேர்ந்தெடுக்க. ‘ஓஎஸ்பிஎஃப்’ என்னும் முறையைப் பின்பற்றும் சிஸ்கோ திசைவி, வழக்கமாக 100 மெகாபிட்டைக் கொள்ளளவால் வகுத்து ஒவ்வொரு வழிக்கும் ஒரு செலவெண் இடும். செலவெண் குறைந்த வழியே தேர்ந்தெடுக்கப்படும். பழைய சிஸ்கோ திசைவிகளில் சுரங்கவழியின் கொள்ளளவு 9 கிலோபிட் என்றே முன்கூட்டிக் குறிக்கப்பட்டிருக்கும். அதன்படி செலவெண் 11,111 ஆகிறது. உண்மையில் அது 100 மெகாபிட் கொள்ளும் வழியாக இருந்தாலும், பக்கத்திலுள்ள 10 மெகாபிட் மாற்று வழியின் செலவெண் 10 மட்டுமே. ஆகவே, எல்லாப் பொட்டலங்களும் அந்தக் குறுகிய வழியிலேயே நெரிசல்படும். அகன்ற வழி வெறுமையாகக் கிடக்கும்.

இரண்டாவது, சுமையைக் கணக்கிட. சுமை 255இல் எத்தனை பங்கு என்று திசைவி காட்டும். கொள்ளளவைக் குறைத்து எழுதினால், காலியான வழியும் நிரம்பியதாகத் தோன்றும். நிறுவனம் தேவையின்றிப் பணம் கட்டிப் பெரிய இணைப்பை வாங்கக்கூடும். கூட்டி எழுதினாலும் ஆபத்துதான். 50 மெகாபிட் இணைப்பை 1000 மெகாபிட் என்று குறித்தால், அது முழுமையாக நிரம்பியிருக்கும்போதும் சுமை ஏறக்குறைய 13 என்றே காட்டும். ஊழியர்கள் தாமதத்தால் அவதிப்படுவார்கள். திசைவியோ, குறையில்லை என்று சொல்லும்.

எனவே, இணையச் சேவை நிறுவனம் உண்மையில் வழங்கும் வேகத்தை அறிந்து, சுரங்கவழியின் இரு முனைகளிலும் அதற்கேற்ற அளவைக் குறிக்க வேண்டும். ஒரே கம்பி இணைப்பில் பல சுரங்கவழிகள் சென்றால், அவை அந்த இணைப்பின் கொள்ளளவையே பங்கிட்டுக்கொள்கின்றன என்பதையும் கருத வேண்டும். திசைவி எண்களைத் தவறாமல் கணக்கிடும். ஆனால், நாம் கொடுக்கும் அளவு சரியாக இருந்தால்தான் அது காட்டும் விடையும் சரியாக இருக்கும்.