சூரனை வென்ற கரையில் உமரியும் அடும்பும்

ஐப்பசி வளர்பிறைச் சஷ்டியன்று முருகன் ஆலயங்கள் பலவற்றிலும் சூரசம்ஹாரம் நிகழும். திருத்தணிகையில் அது இல்லை. செரு தணிந்த மலை இது. சூரனோடும் பின்னர் வேடரோடும் பொருத சினம் நீங்கி ஐயன் அமர்ந்த இடம் என்கிறது தலபுராணம். ஆகையால் அந்நாளில் இங்கே போர்க்கோலம் கிடையாது. கூடை கூடையாக மலர் சொரியும் புஷ்பாஞ்சலிதான். அதே மாலையில், தெற்கே நெடுந்தொலைவிலுள்ள திருச்செந்தூர்க் கடற்கரையில் இலட்சக்கணக்கானோர் மணலில் நின்று, சூரன் வீழ்வதைக் கண்டு அரோகரா என முழங்குவர்.

மலருக்கும் தணிகைக்கும் உள்ள உறவு பழமையானது. சூரனிடம் இழந்த செல்வங்களை மீண்டும் பெற வேண்டி இந்திரன் இம்மலைச் சுனையில் கருங்குவளைக் கொடியை நட்டு வளர்த்து, காலை, உச்சி, மாலை என மூன்று வேளையும் அதன் மலரால் வழிபட்டான் என்பது ஐதீகம். மலைக்கு உற்பலகிரி, நீலோற்பலகிரி என்ற பெயர்கள் அமைந்தது அதனால்தான். குவளை நன்னீர்ச் செடி. சுனை வற்றினால் அதுவும் வாடும். நீரில் உப்பேறினால் அழுகும். தேவேந்திரனே காவல் இருந்து பேண வேண்டிய மென்மை அதற்கு.

திருச்செந்தூரில் அந்தக் குவளை பிழைக்காது. அறுபடை வீடுகளுள் கடலை ஒட்டி அமைந்தது அது ஒன்றே. திருமுருகாற்றுப்படை அதனைச் சீரலைவாய் என்று குறிக்கிறது. குறிஞ்சி நிலக் கடவுளான சேயோன், வருணனுக்குரிய நெய்தல் நிலத்தில் வந்து நிற்கும் தலம். காற்றில் உப்பு, மணலில் உப்பு, மழை பெய்தாலும் நீர் நில்லாமல் இறங்கிவிடும் நிலம். ஆயினும் அத்தகைய கரைகளில் எவரும் நடாமல், எவரும் நீர் வார்க்காமல் ஒரு தாவரக் கூட்டம் செழித்து வாழ்கிறது. அறுபடை வீட்டு யாத்திரையாகப் பேருந்தில் செல்லும் தணிகை அன்பர்கள் கடலில் நீராடி, நாழிக்கிணற்றில் குளித்து, வரிசையில் நின்று தரிசனம் முடித்துத் திரும்புகின்றனர். அந்தப் பூண்டுகளை அவர்கள் கண்டிருக்கவும் மாட்டார்கள். கண்டிருந்தாலும் களை என்று கடந்திருப்பார்கள். சந்நிதிக்கு நேரே உள்ள மணல் ஓயாமல் மிதிபடுவது. அங்கே எதுவும் தங்காது. ஆளரவம் குறையும் திசையில் கரையோரமாகச் சற்றுத் தொலைவு நடக்க வேண்டும்.

முதலில் கண்ணில் படுவது அடும்பு. நீண்ட கொடியாக மணல்மேல் படர்ந்து, கணுவுக்குக் கணு வேர் இறக்கும். தடித்த இலை நுனியில் இரண்டாகப் பிளந்திருக்கும். சங்கப் புலவர்கள் அதை மானின் குளம்புக்கு ஒப்பிட்டார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த பூ, புனல் வடிவில் காலையில் விரியும். அதனருகே முள்போல் விறைத்த இலைகளோடு நிற்கும் புல்லுக்கு மக்கள் இட்ட பெயர் இராவணன் மீசை. உருண்டையான அதன் கதிர்க்கொத்து முற்றியதும் கழன்று, காற்றில் மணல்மேல் உருண்டோடி விதை தூவும். இவ்விரண்டும் மணலைப் பிடித்து மேடாக்குபவை. காற்று அள்ளிவரும் மணல் இவற்றின் இலையிலும் தண்டிலும் தடுக்கி விழுகிறது. அது குவியக் குவிய இவையும் மேலேறிப் படர்கின்றன. கடற்கரை மணல்மேடு எழும்புவது இப்படித்தான்.

மணலை விட்டுச் சேற்றுப்பாங்கான உவர் நிலத்துக்குள் நுழைந்தால் தொடங்குவது உமரியின் ஆட்சி. உமரி என்பது ஒரே செடியன்று. ஒன்றையொன்று ஒத்த பல செடிகளுக்குப் பொதுப்பெயராக வழங்குகிறது. ஒருவகையில் இலையே இருப்பதாகத் தோன்றாது. பச்சை மணிகளைக் கோத்ததுபோல் கணுக்கணுவான சதைத்தண்டு மட்டுமே நிற்கும். முதிரும் பருவத்தில் அது செக்கச்சிவந்து, உப்பங்கழி முழுவதும் குங்குமம் கொட்டியதுபோல் காணும். பீட்ரூட்டுக்கு நிறம் தரும் சாய வகையே இதற்கும் நிறம் தருகிறது. மற்றொரு வகையில் சிறு விரல்போல் உருண்ட இலைகள் உண்டு. கீரையாகச் சமைக்கப்படுவது இதுதான். இவற்றோடு, பருப்புக்கீரையின் உறவோ என்று எண்ணும்படி தரையோடு படர்ந்து, விண்மீன் வடிவில் சிறு ஊதாப்பூப் பூக்கும் பூண்டு ஒன்றும் வளரும். எதைக் கிள்ளினாலும் விரலில் நீர் கசியும். நாவில் வைத்தால் கரிக்கும்.

தாமிரபரணிக் கரையில், திருச்செந்தூருக்குச் செல்லும் அன்பர்கள் அறிந்த ஏரலுக்கு அருகே, உமரிக்காடு என்றே ஓர் ஊர் உண்டு. நம் முன்னோர் இந்தப் பூண்டை ஊர்ப்பெயராக்கும் அளவுக்கு அறிந்திருந்தார்கள். இன்று அந்தப் பெயரைச் சொல்லும் எத்தனை பேர் செடியை அடையாளம் காட்டுவார்கள் என்பது ஐயமே.

உப்பில் செடி வாழ்வது எளிய செயலன்று. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உள்ளது. ஊறுகாய்க்கு உப்பிட்ட மாங்காய்த் துண்டிலிருந்து ஒரே இரவில் நீர் வெளியேறிவிடுவதை ஒவ்வொரு வீட்டிலும் கண்டிருப்போம். உவர் மண்ணில் நட்ட சாதாரணச் செடிக்கும் அதுவே நேரும். வேரைச் சுற்றிலும் ஈரம் இருந்தும், அந்த உப்பு வேருக்குள் நீரைப் புகவிடாது. சுற்றிலும் நீர் இருக்க, செடி தாகத்தால் சாகும். உமரி இந்த உப்பை வெளியே நிறுத்தப் போராடுவதில்லை. உள்ளே அழைத்துக்கொள்கிறது. ஆனால் கண்ட இடத்தில் உலவ விடுவதில்லை. செடியின் ஒவ்வொரு உயிரணுவுக்குள்ளும் நீர்ப்பை ஒன்று உண்டு. வங்கியில் பெட்டகங்களுக்கென்று தனியறை இருப்பதுபோல, வந்த உப்பை எல்லாம் அந்தப் பைக்குள் சேர்த்துப் பூட்டிவிடுகிறது. உயிர்த்தொழில் நடக்கும் மற்றப் பகுதிக்கு உப்பின் தீமை எட்டுவதில்லை. பைக்குள் திரண்ட உப்பு, மண்ணின் உப்பைக் காட்டிலும் வலுவாக நீரை இழுக்கிறது. இலையும் தண்டும் நீர் நிறைந்து பருப்பது இதனால்தான். எது கொல்ல வந்ததோ, அதுவே தாகம் தீர்க்கும் பணியாளாகிறது.

மாமரமாகி எதிர்த்து நின்ற சூரனை வேல் இரண்டாகப் பிளந்தபோது, ஐயன் அவனை அழித்தொழிக்கவில்லை. ஒரு பாதி மயிலாகி அவனைச் சுமந்தது. மறுபாதி சேவலாகிக் கொடியில் ஏறியது. அதே நெய்தல் நிலத்து உமரியின் வாழ்க்கையைக் கற்றபின் இந்த வரலாற்றை நினையாதிருப்பது அரிது.

நீர்ப்பை எவ்வளவு பெரிதாயினும் ஒருநாள் நிறையும். அப்போது முதிர்ந்த இலையும் தண்டின் நுனிக்கணுவும் உப்போடு காய்ந்து உதிர, புதுத்தளிர் எழும். இந்தச் செடிகள் நிலத்திலிருந்து எவ்வளவு உப்பை எடுக்கின்றன என்று கணக்கிட்டவர்களும் உளர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத் தாவரவியலார் 2007இல் வெளியிட்ட ஆய்வின்படி, உமரிக்கீரையும் முன்சொன்ன ஊதாப்பூப் பூண்டும் நான்கு மாதங்களில் ஒரு ஹெக்டேர் உவர் நிலத்திலிருந்து தனித்தனியே ஏறத்தாழ அரை டன் உப்பை நீக்கக்கூடியவை. கடல்நீர் புகுந்து கெட்ட வயலை மீட்க நினைக்கும் உழவருக்கு இது சிறிய செய்தியன்று.

அந்தப் பல்கலைக்கழகம் இருப்பது சிதம்பரத்தில். உப்புக்கு அஞ்சாத மரமொன்றைத் தலவிருட்சமாகக் கொண்டதும் அதே சிதம்பரந்தான். தில்லை மரம் அலையாத்திக் காட்டுக்கு உரியது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஊறு செய்யும். ஒருகாலத்தில் கோயிலைச் சூழ்ந்திருந்த தில்லைவனம் இன்று ஊருக்குள் இல்லை. மரத்தைக் காண விரும்புவோர் பிச்சாவரத்துக்குப் படகேற வேண்டும். தலத்துக்குப் பெயர் தந்த மரமே தலத்தை விட்டு நீங்கியிருக்க, பெயரற்ற பூண்டுகளின் கதியைச் சொல்ல வேண்டுமா?

மறைகள் வழிபட்டுக் கதவடைத்ததாகவும், அப்பர் பாடத் திறந்ததாகவும் போற்றப்படும் திருமறைக்காடு, இன்றைய வேதாரண்யம், உவர் நிலத்தின் நடுவே அமைந்த தலம். 1930 ஏப்ரல் 30 அன்று இராஜாஜி தலைமையில் தொண்டர்கள் உப்பு அள்ளியது அந்தக் கரையில். உவர்நிலச் செடிகளைப் பேணுவதற்கென்றே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தோட்டம் ஒன்றை அமைத்ததும் அவ்வூரில்தான்.

மேலைநாட்டார் இவ்வகைச் செடிகளை வேறுவிதமாகப் பயன்படுத்தினர். ஸ்பெயின் முதலிய மத்தியதரைக் கடல் நாடுகளில் இவற்றை எரித்துச் சாம்பலிலிருந்து சோடா எடுத்து, கண்ணாடியும் சோப்பும் செய்தார்கள். 1791இல் பிரான்சு நாட்டு லெப்லாங்க் சாதாரண உப்பிலிருந்தே சோடா தயாரிக்கும் முறைக்கு உரிமை பெற்ற பிறகு அத்தொழில் மெல்ல மறைந்தது.

நம் கடற்கரைச் சிற்றூர்களில் உமரி அடுப்பங்கரைக்கு வந்தது. கீரையை வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைப்பார்கள். தனியாக உப்பு இடுவதில்லை. குஜராத்தின் பாவ்நகரிலுள்ள மத்திய உப்பு மற்றும் கடல்சார் இரசாயன ஆராய்ச்சி நிறுவனம் கணுத்தண்டு உமரியிலிருந்து தாவர உப்பு ஒன்றையே எடுத்துக் காட்டியிருக்கிறது. அதில் சோடியம் குறைவு. இதைப் படித்ததும் இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை உட்கொள்ளும் பெரியவர்கள் உமரியைத் தேடிப் புறப்பட வேண்டியதில்லை. கீரையாக உண்டால் அதில் உப்பு மிகுதி. சோடியம் குறைந்த உப்பிலோ பொட்டாசியம் கூடுதலாக இருக்கும். சிறுநீரகக் குறை உள்ளவர்களுக்கு அது ஆகாது. மருத்துவரைக் கேளாமல் எதையும் தொடங்கலாகாது.

திருத்தணிக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்வி எழலாம். மலையடிவாரத்து நந்தியாற்று நீர் கொசஸ்தலை ஆற்றோடு கூடி, பூண்டி நீர்த்தேக்கம் கடந்து, எண்ணூர் கழிமுகத்தில் கடலை அடைகிறது. தணிகை மலையில் பெய்த மழையின் ஒரு பங்கு இறுதியில் சேரும் இடம் உமரியும் அலையாத்தியும் வளரும் சதுப்பு. அந்தச் சதுப்பின் ஒரு பகுதி இன்று அனல்மின் நிலையச் சாம்பலுக்கு அடியில் கிடக்கிறது. உவர்ச் சதுப்பையும் மணல்மேட்டையும் கடற்கரையின் மிக நுட்பமான பகுதிகளாகக் கருதிக் காக்க வேண்டும் என்று 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கை சொன்னது. அறிவிக்கைகள் சொல்வது ஒன்று, நடப்பது ஒன்று.

திருச்செந்தூரில் அண்மை ஆண்டுகளில் ஆலயத்துக்கு முன்னுள்ள கரையைக் கடல் அரித்து, நீராடுவோர் இறங்க இடர்ப்படும் அளவுக்குப் பள்ளமாக்கியது. அடும்புக்கொடி இருந்திருந்தால் அலையே வந்திராது என்று சொல்வது மிகை. பேரலையின் வேகத்தைக் கொடி தடுக்காது. காற்று கொணரும் மணலைச் சேர்த்து, அலை தின்றதைச் சிறிது சிறிதாக ஈடுகட்டுவதே அதன் வேலை. வரவு நின்று செலவு மட்டும் தொடர்ந்தால் எந்தக் கணக்கும் நிலைக்காது. நீராடியபின் பழந்துணியைக் கரையில் விட்டுவிட்டு வருவதைப் பரிகாரமாகக் கருதுவோர் இன்னும் இருக்கின்றனர். அந்தத் துணிகள் மணலில் புதைந்து கொடியின் வேரை மூடுகின்றன. சாத்திரம் எதுவும் கடற்கரையைக் குப்பைமேடாக்கச் சொன்னதாகத் தெரியவில்லை.

செந்தூர் செல்ல உடல்நலம் இடங்கொடாத முதியவர்களுக்கு அருகிலேயே ஒரு கரை உண்டு. திருவள்ளூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் தணிகை மலை நிற்க, கிழக்கு முனையில் பழவேற்காட்டு ஏரி கிடக்கிறது. இரண்டுமே ஆந்திர எல்லைப் பக்கம் அமைந்தவை. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்பகுதி தமிழகத்தில். பொன்னேரி வழியாகக் காலையில் புறப்பட்டால் மாலையில் திரும்பிவிடலாம். பழவேற்காட்டு ஆதிநாராயணப் பெருமாள் கோயில் செம்பூராங்கல்லால் ஆனது. இராமாயணக் காட்சிகள் விரலளவு சிற்பங்களாக அங்கே செதுக்கப்பட்டுள்ளன. தரிசனம் முடித்து ஏரிக்கரைக்கு வந்தால், குளிர்காலத்தில் பூநாரைகள் ஆழமில்லாத நீரில் தலைகவிழ்ந்து மேய்வதைக் காணலாம். உமரியைப் பார்க்க அவ்வளவு தூரம் கண்ணை ஓட்ட வேண்டாம். நீர் வற்றிய விளிம்பில், செருப்பைக் கழற்றி வைத்த இடத்துக்கு அருகிலேயே அது நின்றுகொண்டிருக்கும்.