வாழப்பாடியில் மண்ணைப் பார்ப்பது எப்படி?

தருமபுரி மாவட்டத்துக் கிரிக்கெட் ரசிகருக்குப் பெரிய மைதானங்கள் என்றால் இரண்டுதான். வடக்கே பெங்களூரு சின்னசாமி, சுமார் 140 கிலோமீட்டர். கிழக்கே சென்னை சேப்பாக்கம், அதைப்போல இரண்டு மடங்கு தொலைவு. டிக்கெட் கிடைத்து, மேல்தட்டில் இடம்பிடித்து உட்கார்ந்தால் கூட்டம் தெரியும், ஆட்டம் தெரியும். பந்து தரையில் குத்தி என்ன செய்தது என்பது தெரியாது. அதற்கு எல்லோரும் ராட்சதத் திரையைத்தான் நிமிர்ந்து பார்க்கிறார்கள். அதை வீட்டிலிருந்தே பார்த்திருக்கலாம்.

அதனால் அரூர், பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்து இளைஞர்கள் யாராவது கேட்டால், வாழப்பாடிக்குப் போங்கள் என்றுதான் சொல்வேன். சேலம் மாவட்டம் வாழப்பாடியை அடுத்த காட்டுவேப்பிலைப்பட்டியில் இருக்கிறது சேலம் கிரிக்கெட் ஃபவுண்டேஷன் மைதானம். 2020 பிப்ரவரி 9 அன்று அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி திறந்துவைத்தார். ராகுல் டிராவிட் வந்திருந்தார். அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு. தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) ஆட்டங்கள் இங்கே எட்டிப் பார்க்க 2022 ஆகிவிட்டது. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் மலைகளும் சூழ்ந்த வட்டாரத்தில், விளக்கொளியில், நம் ஊர்ப் பையன்களின் வயதை ஒத்தவர்கள் ஆடுகிறார்கள். முக்கியமான விஷயம், மைதானம் சிறியது. ஆடுகளம் கண்ணுக்கு எட்டும்.

சின்ன மைதானத்தின் அருமை அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே பிப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முழுவதும் 30 பெரிய அணிகளும் சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களுக்காக ஃபுளோரிடாவுக்கும் அரிசோனாவுக்கும் போய்விடும். ஒவ்வோரிடத்திலும் 15 அணிகள். வழக்கமான அரங்கங்களைவிட மிகச் சிறிய மைதானங்களில், புல்மேட்டில் துண்டை விரித்து உட்கார்ந்து, நட்சத்திர வீரர்களைக் கூப்பிடு தூரத்தில் பார்ப்பார்கள். ஃபுளோரிடாவின் பிராடென்டன் ஊர் மைதானம் 1923இல் கட்டியது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி 1969 முதல் அங்கே பயிற்சி எடுக்கிறது. ஈட்டி எறிந்துகொண்டிருந்த உத்தரப் பிரதேசத்து இளைஞர்கள் ரிங்கு சிங்கும் தினேஷ் படேலும் 2008இல் அந்த அணியில் சேர்ந்து, அந்த ஊரில் பயிற்சி எடுத்தார்கள்.

ஆனால் பேஸ்பாலில் எறிந்த பந்து தரையைத் தொடாமல் மட்டைக்குப் போய்விடுகிறது. எறிபவர் நிற்கும் மேடு 10 அங்குல உயரம் இருக்க வேண்டும், களிமண் கெட்டியாக இருக்க வேண்டும். மண்ணின் பங்கு பெரும்பாலும் காலடியோடு முடிகிறது. கிரிக்கெட்டில் அப்படி விடமுடியாது. வீசுபவர் கையிலிருந்து புறப்பட்ட பந்து ஒருமுறை மண்ணைக் கேட்டுவிட்டுத்தான் மட்டைக்காரரிடம் போகிறது. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அவருக்குக் கிடைப்பது மொத்தமே அரை விநாடிக்கும் குறைவு. அதில் பந்து தரையைத் தொட்டபிறகு மிஞ்சுவது இன்னும் சொற்பம். அந்தச் சொற்ப நேரத்தில் அது எந்த உயரத்துக்கு எழும், எந்தப் பக்கம் விலகும் என்பதில் மண்ணுக்கு ஒரு சொல் இருக்கிறது. வாழப்பாடிக்குப் போனால் அந்த மண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஸ்டம்புக்கு ஸ்டம்பு 22 கஜம், அதாவது 20.12 மீட்டர். அகலம் 10 அடி. நம் வீட்டு மனையில் பாதிகூட வராத இந்தத் துண்டு நிலத்துக்கு நடக்கும் சிசுருஷை கொஞ்சநஞ்சமல்ல. அடியில் சல்லியும் மணலும் பரப்பித் தண்ணீர் வடிய வழி செய்வார்கள். அதன்மேல் ஓர் அடிக்குச் சற்று முன்பின்னாகக் களிமண். இந்தக் களிமண்தான் உயிர்நாடி. தூளாக்கிச் சலித்த மண்ணில் பாதிக்குமேல் களி இருப்பதையே நல்ல ஆடுகளத்துக்குத் தேடுகிறார்கள். மணல் கூடினால் பிடிப்பு போய்விடும்.

களித்துகள் என்பது ஒரு மில்லிமீட்டரில் 500இல் ஒரு பங்குக்கும் சிறியது. கரிசல் மண்ணில் உள்ள களித்துகள்கள் தகடுதகடாக அடுக்கியவை. அந்தத் தகடுகளுக்கு நடுவில் தண்ணீர் புகுந்தால் மண் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் கரிசல் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடுவது இதனால்தான். தருமபுரியில் நமக்குப் பழக்கமான செம்மண் வேறு வகை. இரும்பின் துரு ஏறிச் சிவந்தது, அதிலுள்ள களி தண்ணீர் பட்டு அவ்வளவாக உப்பாது. ஆடுகளத்திலும் இந்த வித்தியாசம் அப்படியே வரும். செம்மண் ஆடுகளம் சீக்கிரம் காயும், பந்து நன்றாக எழும், ஆட ஆட மேலே உதிர்ந்து பொடியாகும். கரிசல் ஆடுகளம் ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும், பந்து தாழ்ந்து மெதுவாக வரும். இது பொது வழக்கு. எந்த மண்ணையும் பராமரிப்பவரின் கை கொஞ்சம் மாற்றிவிடும்.

புல் எதற்கு என்று கேட்பார்கள். அழகுக்கு இல்லை. நம் ஊர் ஆடுகளங்களில் வளர்ப்பது பெரும்பாலும் அருகம்புல் வகைதான். வெளிநாட்டில் அதற்குப் பெர்முடா புல் என்று பெயர். பிள்ளையாருக்குச் சாத்துவதும் அதுதான், வயலில் களையென்று பிடுங்கி எறிவதும் அதுதான். அதன் வேர் ஆழமாக இறங்கி இரண்டு வேலை செய்கிறது. மண்ணைக் கட்டிப்பிடித்து வைக்கும். அடியிலுள்ள ஈரத்தை உறிஞ்சி இலை வழியாக வெளியே விடும். வெயில் மேல்தோலை மட்டும்தான் உலர்த்தும். அடிமண் கெட்டிப்பட வேர் வேண்டும். ஆட்டத்துக்குமுன் அந்தப் புல்லைச் சில மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுவார்கள்.

பிறகு ரோலர். ஆடுகளத்தை ஆழமாக நனைத்து, ஈரம் இறங்கக் காத்திருந்து, முதலில் இலகுவான உருளை, நாளாக ஆகக் கனமானது. டன் கணக்கில் எடை. ஓட்டுவதைவிட எப்போது ஓட்டுவது என்பதில்தான் வித்தை. ஈரம் அதிகமானால் மண் உருளையில் ஒட்டிக்கொண்டு பெயர்ந்து வரும். காய்ந்துவிட்டால் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. நம் பக்கத்தில் மாடு கட்டிக் கல்லுருளை இழுத்துக் கேழ்வரகு அடித்தவர்களுக்கு இந்தப் பதம் சொல்லித் தரவேண்டியதில்லை. களத்தை நனைத்து, சாணம் மெழுகி, எந்தக் காய்ச்சலில் உருளையை ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. ரோலர் செய்வது ஒரே வேலை, மண்ணுக்குள் இருக்கும் காற்றைப் பிழிந்து வெளியேற்றுவது. காற்று போனால் துகள்கள் நெருங்கும். காய்ந்ததும் தரை செங்கல்போல இறுகும். இறுகிய தரையில் விழுந்த பந்து தன் வேகத்தை அதிகம் இழக்காது. இளகிய தரையில் பந்து சின்னக் குழி போடும், அந்தக் குழியின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு எழும்ப வேண்டியிருக்கும், அதில் வேகமும் உயரமும் கரையும். மந்தமான பிட்ச் என்று வர்ணனையாளர்கள் சொல்வது இதைத்தான். இங்கிலாந்தில் 16 அடி உயரத்திலிருந்து பந்தைப் போட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து ஆடுகளத்துக்கு மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். நம் கேப்டன்கள் சாவியாலோ கட்டைவிரலாலோ அழுத்திப் பார்த்துத் திருப்தி அடைகிறார்கள்.

வருஷாவருஷம் மேலே புது மண் தூவும்போது ஒரு கண்டம் இருக்கிறது. பழைய மண்ணும் புது மண்ணும் வேறு வேறாக இருந்தால், காயும்போது ஒன்று அதிகமாகவும் இன்னொன்று குறைவாகவும் சுருங்கி, நடுவில் ஏடுபோலப் பிரிந்துவிடும். மேலே பார்க்க நன்றாக இருக்கும். பந்து விழுந்தால் ஒன்று முழங்காலுக்கு, ஒன்று முகத்துக்கு. எனவே பராமரிப்பவர்கள் முதலில் போட்ட அதே மண்ணைத்தான் தேடி அலைகிறார்கள்.

நம் கிராமங்களில் இதெல்லாம் ஏது? செம்மண் பொட்டல், கோடை உழவுக்கு முந்தைய காடு, வற்றிய ஏரி. கொஞ்சம் வசதியான ஊர் என்றால் சிமென்ட் தரையும் தேங்காய்நார்ப் பாயும். நாமாகவே 'மேட் மேட்ச்' என்று இதை ஒரு படி கீழே வைக்கிறோம். வெட்கப்பட ஒன்றுமில்லை. 1959 டிசம்பர் தொடக்கத்தில் கராச்சியில் பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்டே பாய்மீதுதான். அமெரிக்க அதிபர் ஐசனோவர் வந்து பார்த்தார். பாய் விரித்து நடந்த கடைசி டெஸ்ட் அது. ரிச்சி பெனோ தலைமையிலான அதே ஆஸ்திரேலிய அணி அந்த மாதமே கான்பூருக்கு வந்தது. அங்கே ஆடுகளம் புதிதாகப் போட்ட புல்தரை. இந்தியச் சுழற்பந்து வீச்சாளர் ஜசு படேல் முதல் இன்னிங்ஸில் 69 ரன்னுக்கு 9 விக்கெட், இரண்டாவதில் 55க்கு 5. ஆஸ்திரேலியாவை இந்தியா முதன்முதலாக டெஸ்டில் வென்றது அப்படித்தான். படேலின் விரலுக்கு எவ்வளவு, புது மண்ணுக்கு எவ்வளவு என்று பங்கு பிரிப்பது கஷ்டம்.

பொட்டலில் ஆடிப் பழகியவர்கள் மண்ணை நம்பாமல் ஆடக் கற்றுக்கொண்டார்கள் என்பதும் உண்டு. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வளர்ந்த வேகப்பந்து வீச்சாளர் நடராஜனின் யார்க்கரை யோசித்துப் பாருங்கள். பந்து மட்டைக்காரரின் கால்விரலருகே குத்துகிறது. அதன்பிறகு எழும்பவோ திரும்பவோ இடமே இல்லை. ஆடுகளம் கரிசலா செம்மண்ணா என்ற கேள்வியையே அது தாண்டிப் போய்விடுகிறது. 2020 டிசம்பர் 2 அன்று கான்பெராவில் இந்தியாவுக்காக முதல் ஒருநாள் ஆட்டம், அடுத்த மாதம் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். பிறகு 2023 ஜூனில் அவர் சொந்த ஊரில் புல்தரை ஆடுகளங்களோடு ஒரு மைதானம் அமைத்தார். தினேஷ் கார்த்திக் திறந்துவைத்தார். யார்க்கரைத் தவிர மற்ற பந்துகளையும் அடுத்த தலைமுறை வீசட்டும் என்று நினைத்திருக்கலாம். இது என் ஊகம்தான்.

சரி, வாழப்பாடியில் என்ன செய்வது? டாஸுக்கு முக்கால் மணி நேரம் முன்பே உள்ளே போய்விடுங்கள். சதுரமாகப் புல் மாறித் தெரியும் நடுப்பகுதியில் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகப் பல ஆடுகளங்கள் இருக்கும். இன்றைக்கு எதில் ஸ்டம்பு நட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். ஓரத்து ஆடுகளம் என்றால் ஒரு பக்க எல்லைக்கோடு கிட்டத்தில் வந்துவிடும். எந்தப் பந்துவீச்சாளரை எந்த முனையில் கேப்டன் ஒளித்துவைப்பார் என்று அப்போதே பந்தயம் கட்டலாம். பச்சை தெரிகிறதா, வைக்கோல் நிறமா என்று கவனியுங்கள். பச்சையும் ஈரமும் இருந்தால் பந்தின் தையல் அங்கே பிடித்து விலகும். வெளிறி, புழுதி எழுந்தால் சுழற்பந்து வீச்சாளர்கள் உற்சாகமாகத் தோளைச் சுற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆட்டம் தொடங்கியதும் முதல் ஓவரில் மட்டைக்காரரை விட்டுவிட்டு விக்கெட் கீப்பரைப் பாருங்கள். எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல அளவுகோல் இல்லை. வேகப்பந்துக்கு அவர் எவ்வளவு பின்னால் நிற்கிறார், பந்தை எங்கே வாங்குகிறார்? நெஞ்சருகே வாங்கினால் ஆடுகளம் இறுக்கம். முட்டிக்குக் கீழே குனிந்து வாங்கி, அடுத்த பந்துக்கு இரண்டடி முன்னால் வந்தால், மந்தம். 180 ரன் என்ற கனவை மட்டையாடும் அணி மறந்துவிடலாம். பந்து எழும் உயரத்தைப் பார்க்கப் பக்கவாட்டில் உட்கார வேண்டும். திருப்பத்தைப் பார்க்க ஸ்டம்புகளுக்கு நேர்ப்பின்னால். இரண்டும் ஆசை என்றால் இன்னிங்ஸ் இடைவேளையில் இடம் மாறுங்கள். சின்ன மைதானத்தில் அது நடக்கிற காரியம். அந்த இடைவேளையில் எழுந்து டீ குடிக்க ஓடாமல் ஊழியர்களையும் கொஞ்சம் பாருங்கள். பந்துவீச்சாளர்கள் காலூன்றிக் கிளறிய குழிகளைச் சீர்செய்வது, தூசியைப் பெருக்குவது, கோடு புதிதாகப் போடுவது என்று கொஞ்ச நேரத்துக்குள் முடிக்க வேண்டிய வேலை அது. பலநாள் ஆட்டம் என்றால், மட்டையாடப் போகும் அணியின் கேப்டன் கேட்டால் 7 நிமிடம்வரை ரோலர் ஓட்டலாம் என்று விதியே இருக்கிறது. பெரிய குழிகளை ஆட்டம் முடிந்தபிறகு ஈரக் களிமண் வைத்துத் திமிசுக் கட்டையால் இடித்து அடைப்பார்கள்.

டிஎன்பிஎல் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் நடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கத்தில் மாலையில் திடீரென்று வந்து கொட்டிவிட்டுப் போகும் மாதங்கள். சின்னசாமியில் 2017இல் தரைக்கடியில் குழாய் பதித்து, மழைநீரைக் காற்றழுத்தத்தால் உறிஞ்சி இழுக்கும் ஏற்பாடு செய்தார்கள். மற்ற பெரும்பாலான இடங்களில் தார்ப்பாயும் மனிதர்களின் ஓட்டமும் மண்ணின் இயல்பான வடிகாலும்தான். மழை நின்றபின் தார்ப்பாயை எந்தப் பக்கமிருந்து சுருட்டுகிறார்கள் என்று பாருங்கள்; மேலே தேங்கிய தண்ணீர் ஒரு சொட்டும் ஆடுகளத்தில் விழாமல் இழுத்துப்போவது பார்க்கத் தகுந்த காட்சி.

தருமபுரி நகரத்திலிருந்து கிளம்பினால் தொப்பூர், சேலம், அயோத்தியாப்பட்டணம் வழி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டிக்காரர்கள் மஞ்சவாடிக் கணவாய் இறங்கி அயோத்தியாப்பட்டணத்தில் இடதுபக்கம் உளுந்தூர்ப்பேட்டைச் சாலையைப் பிடித்தால் போதும், சேலத்துக்குள் நுழையவே வேண்டாம். ஆட்டம் முடியப் பதினொன்று ஆகிவிடும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பைக்கில் வந்தவர்கள் அந்த நேரத்தில் தொப்பூர்க் கணவாயில் லாரிகளோடு போட்டி போடாமல், வாழப்பாடியிலோ சேலத்திலோ தங்கி விடிந்தபிறகு கிளம்புவது நல்லது.