புள்ளிகளைத் தந்தால் வடிவம் கிடைக்குமா?

டீ வரட்டும், அதற்குள் ஒரு கணக்கு. நாம் உட்கார்ந்திருக்கும் மண்டபத்தூர் புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தைச் சேர்ந்தது. வடக்கே கொஞ்ச தூரத்தில் இருக்கும் தரங்கம்பாடி தமிழ்நாடு. எல்லைக்கோடே இல்லாத வெள்ளைத்தாளில் ஒன்றியப் பிரதேசத்தின் ஊர்களை மட்டும் புள்ளிகளாகக் குறித்துத் தருகிறேன். இந்தப் பிரதேசம் எத்தனை துண்டு, சொல்லுங்கள்.

ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் வட்டம் போட்டு, ஆரத்தை மெல்ல மெல்லக் கூட்டுங்கள். வட்டங்கள் தொட்டுக்கொண்டால் ஒரே துண்டு. முதலில் ஊருக்கு ஒரு துண்டு. சில கிலோமீட்டரிலேயே மண்டபத்தூர், கோட்டுச்சேரி, திருநள்ளாறு, நிரவி எல்லாம் சேர்ந்து காரைக்கால் ஆகிவிடும். தமிழ்நாட்டுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் புதுச்சேரி வட்டாரத் துண்டுகளும் சீக்கிரமே ஒட்டிக்கொள்ளும். பிறகு புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று நான்கு. ஆரம் 40, 50 கிலோமீட்டர் ஆகும்போது காரைக்கால் புதுச்சேரியோடு சேரும். மாஹே சேர 200க்கு மேல் ஆகும். ஏனாம் கடைசி.

எந்த ஆரம் சரி? ஒன்றைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். எது எந்த ஆரத்தில் தோன்றியது, எதில் மறைந்தது என்று எல்லாவற்றையும் குறித்துவைக்கிறோம். சட்டென்று மறைவது பெரும்பாலும் புள்ளி வைத்த விதத்தால் வந்தது. நீண்டு நிலைப்பதை நம்பலாம்.

துண்டுகளை எண்ணுவது சுலபம்; வடிவத்துக்குள் இருக்கும் ஓட்டைகளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். முத்துப்பேட்டை லகூனைச் சுற்றிய தரையில் புள்ளிகள் வையுங்கள். வட்டங்கள் பெருத்ததும் குறுகலான முகத்துவாரம் அடைபட்டுவிடும்; நடுவே நீர்ப்பரப்பு அடைபடாமல் நிற்கும். கடலோடு கலக்கும் நீர், நாலு பக்கமும் கரை சூழ்ந்த ஏரிபோலத் தெரியும். பொய் ஓட்டை!

டெல்லி ஐஐடியில் படித்து சிகாகோ பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பார்த்தா நியோகி, ஸ்டீவ் ஸ்மேல், ஷ்மூயல் வைன்பெர்கர் ஆகிய மூவரின் 2008ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்கு ஒரு உத்தரவாதம் தந்தது. வழவழப்பான வடிவம் ஒன்றில் எவ்வளவு குறுகிய இடுக்கு, எவ்வளவு கூர்மையான வளைவு இருக்கலாம் என்று தெரிந்தால் போதும். ஆரத்தை அதற்கு உள்ளாக வைத்து, தற்செயல் முறையில் எத்தனை புள்ளி எடுத்தால் துண்டும் ஓட்டையும் ஏறக்குறைய நிச்சயமாகச் சரியாக வரும் என்று கணக்கிட்டுச் சொல்லலாம்.

ஆகவே, முகத்துவாரம் 100 மீட்டர் அகலம் என்றால் ஊருக்கு ஒரு புள்ளி உதவாது. கரையோடு நடந்து, அதைவிட மிக நெருக்கமாகப் புள்ளி எடுக்க வேண்டும்.