நோய்க் கணக்கும் நம் பேரேடும்

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனைக் கணினிகளை விஷமிகள் முடக்கினர். பல நாட்கள் எல்லாம் கையெழுத்துச் சீட்டுதான். முகையூர்க்காரர் விழுப்புரம் சென்றாலும் நோய்க் கணக்கு இன்று கணினியில் ஏறுகிறது.

'பிளாக்செயின்' காக்கும் என்கிறார்கள். ஒரே பேரேட்டின் நகல் பத்துக் கடைகளில் இருப்பது போன்றது அது. ஒருவர் திருத்தினால் மற்ற ஒன்பதும் காட்டிக்கொடுக்கும். ஆனால் பத்துக் கடையில் இருப்பது பத்துப் பேர் கண்ணிலும் படுமே! ஆகவே நோய் விவரத்தை அதில் ஏற்றலாகாது. யார், எப்போது பார்த்தார் என்ற பதிவு போதும்.

வாடிக்கையாளரின் பாக்கியை நாம் வெளியே சொல்வதில்லை. நோய் அதைவிடப் பெரிய ரகசியம். 14 இலக்க ஆபா எண் வழியே விவரம் கேட்டால், யாருக்கு, எதற்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டறிந்த பிறகே ஒப்புதல் தருவோம்.