பயமுறுத்தும் படமா, வழிகாட்டும் படமா?

வார இறுதியில் குடும்பத்தோடு அமர்ந்து தொலைக்காட்சியில் ஓர் இயற்கை ஆவணப் படத்தைப் பார்க்கிறோம். உருகும் பனிமலை, எரியும் காடு, இரையின்றி அலையும் கரடி என்று காட்சிகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. படம் முடிந்ததும், "அப்பா, நான் பெரியவனாகும்போது இதெல்லாம் இருக்குமா?" என்று பிள்ளை கேட்கிறான். நம்மில் எத்தனை பேரிடம் இதற்குப் பதில் இருக்கிறது? "அதெல்லாம் உனக்கு எதற்கு, போய்ப் படி" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம்.

பொய் சொல்லாமலும் பயமுறுத்தாமலும் பிள்ளைக்குப் பதில் சொல்ல முடியுமா? முடியும். அதற்கு நாம் படம் பார்க்கும் முறையைச் சற்று மாற்றிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு படத்திலும் மூன்று கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். எதை இழந்தோம்? ஏன் இழந்தோம்? இழந்ததை மீட்டவர்கள் உண்டா, எப்படி மீட்டார்கள்?

எதை இழந்தோம்?

2017-இல் வெளிவந்த 'சேசிங் கோரல்' என்ற படத்தை எடுத்துக்கொள்வோம். கடல் நீர் வழக்கத்தைவிட ஓரிரு பாகை சூடாகிச் சில வாரங்கள் அப்படியே நீடித்தால், பவளப் பூச்சிகள் தங்களுக்கு உணவும் நிறமும் தருகிற பாசியை வெளியேற்றிவிடுகின்றன. பவளப்பாறை வெளுத்துவிடுகிறது. சூடு தணியாவிட்டால் பட்டினியால் மடிகிறது. கடலுக்கடியில் நடக்கும் இந்த இழப்பை உலகத்துக்குக் காட்ட அப்படக் குழுவினர் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தினர். அவை சரிவரப் படம் பிடிக்கவில்லை. அவர்கள் விட்டுவிடவில்லை. நாள்தோறும் கடலுக்குள் இறங்கி, அதே இடத்தை அதே கோணத்தில் கையாலேயே படம் பிடித்தார்கள். 2016-இல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளப்பாறைகள் வெளுத்து மடிவதை அப்படித்தான் நாம் பார்க்க முடிந்தது. கடல்வாழ் உயிரினங்களில் ஏறக்குறைய கால்பங்கு பவளப்பாறைகளை நம்பி வாழ்கின்றன என்பதை எண்ணிப் பார்த்தால் இழப்பின் அளவு விளங்கும்.

சொன்னதெல்லாம் சரியா?

'ஏன்' என்ற கேள்விக்கு விடை தேடும்போது கவனம் தேவை. அமெரிக்க முன்னாள் துணை அதிபர் அல் கோரின் 'ஆன் இன்கன்வீனியன்ட் ட்ரூத்' 2006-இல் வெளிவந்து, பருவநிலை மாற்றத்தை வீடுதோறும் பேசவைத்தது. அதைப் பள்ளிகளில் காட்டலாமா என்ற வழக்கு 2007-இல் இங்கிலாந்து உயர்நீதிமன்றத்துக்குப் போனது. பூமி சூடாவதற்கு மனிதர்கள் வெளியிடும் வாயுக்களே முக்கியக் காரணம் என்ற படத்தின் மையக் கருத்தை நீதிபதி ஏற்றுக்கொண்டார். ஆயினும், கடல்மட்டம் 20 அடி உயரும் என்பது உட்பட ஒன்பது இடங்களில் படம் அறிவியலாளரின் பொதுக் கருத்திலிருந்து விலகுகிறது என்றார். அந்த அளவு உயர்வுக்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும் என்பதை அவர் சுட்டிக்காட்டினார். விளக்கக் குறிப்புகளோடு படத்தைக் காட்டலாம் என்பது தீர்ப்பு.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. உண்மைக்கு மிகைப்படுத்தல் தேவையில்லை. மிகைப்படுத்தினால், "எல்லாமே கட்டுக்கதை" என்பவர்களுக்கு நாமே வாய்ப்புக் கொடுத்தவர்கள் ஆவோம்.

மீட்டவர்கள் உண்டா?

டேவிட் அட்டன்பரோவின் 'எ லைஃப் ஆன் அவர் பிளானெட்' 2020-இல் வெளிவந்தது. அதில் கோஸ்டா ரிக்கா நாட்டின் கதை வருகிறது. ஒரு காலத்தில் முக்கால் பங்கு காடாக இருந்த நாடு அது. மரம் வெட்டியும் மாட்டுப் பண்ணை அமைத்தும் 1980-களில் அது கால்பங்காகச் சுருங்கியது. பிறகு காட்டை அழித்து வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதை அரசாங்கம் 1996-இல் சட்டம் போட்டுத் தடுத்தது. காட்டைப் பாதுகாக்கும் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுத்தது. அந்தப் பணத்தில் ஒரு பகுதி எரிபொருள் வரியிலிருந்து வந்தது. இன்று அந்நாட்டில் பாதி மீண்டும் காடு. வெறும் அறிவுரையால் இது நடக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். சட்டமும் பணமும் மக்களின் உழைப்பும் சேர்ந்ததால்தான் நடந்தது.

டேமன் கேமோ என்ற ஆஸ்திரேலிய இயக்குநர் 2019-இல் '2040' என்ற படத்தைத் தம் நான்கு வயது மகளுக்கு எழுதும் கடிதம்போல் எடுத்தார். தமக்குத் தாமே ஒரு கட்டுப்பாடும் வைத்துக்கொண்டார். இன்று ஏற்கெனவே நடைமுறையில் இருக்கும் தீர்வுகளை மட்டுமே காட்டுவது என்பதே அது. பங்களாதேஷ் கிராமத்தில் ஒரு வீட்டுக் கூரையில் கிடைக்கும் சூரிய மின்சாரத்தில் மிஞ்சியதைப் பக்கத்து வீட்டுக்கு விற்கிறார்கள். கற்பனைக் கதையல்ல, நடக்கிற காரியம்.

நம் நாட்டிலும் உண்டு

இதற்கெல்லாம் வெளிநாட்டுக்குத்தான் போக வேண்டுமா? பேரா மாநிலத்தில் தைப்பிங் பக்கத்தில் உள்ள மாத்தாங் சதுப்புநிலக் காடு ஏறக்குறைய 40,000 ஹெக்டர் பரப்புடையது. நூறாண்டுக்கும் மேலாக அது திட்டமிட்டுப் பராமரிக்கப்பட்டு வருகிறது. கரிச் சூளைகளுக்காக ஒரு பகுதியை வெட்டினால் அங்கே மீண்டும் கன்று வளர விடுவார்கள், தேவைப்பட்டால் நடுவார்கள். 30 ஆண்டு சுழற்சியில்தான் அந்த இடத்துக்கு மறுபடியும் கோடரி வரும். மீனுக்கும் இறாலுக்கும் அது நாற்றங்கால், கடலோரத்துக்கு அரண், கரியமில வாயுவைச் சேற்றுக்குள் பூட்டி வைக்கும் பெட்டகம். அடுத்த பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைக் கோலா செபெத்தாங்குக்கு அழைத்துச் சென்று காட்டலாமே!

பிள்ளைக்குப் பதில்

இப்போது பிள்ளையின் கேள்விக்கு வருவோம். பூமியின் வெப்பம் 1.5 பாகை செல்சியஸ் உயர்ந்தால் பவளப்பாறைகளில் 70 முதல் 90 விழுக்காடு அழியும், 2 பாகை உயர்ந்தால் 99 விழுக்காட்டுக்கும் மேல் அழியும் என்று ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழு 2018-இல் தெரிவித்தது. இடையில் இருப்பது அரை பாகைதான். அந்த அரை பாகைக்குள் பத்தில் ஒன்றோ, மூன்றோ பிழைத்திருக்கும். நிலக்கரியையும் எண்ணெயையும் எவ்வளவு விரைவாகக் குறைக்கிறோம் என்பதைப் பொறுத்தது அது.

ஆகவே, "எல்லாம் இருக்கும்" என்று பிள்ளையிடம் சொல்லாதீர்கள். "எல்லாம் போய்விடும்" என்றும் சொல்லாதீர்கள். "சிலவற்றை இழப்போம், சிலவற்றை மீட்போம். எவ்வளவு மீட்போம் என்பது இன்னும் முடிவாகவில்லை" என்று சொல்லுங்கள். அதுதான் உண்மை. அதைக் கேட்ட பிள்ளை பயந்து ஒதுங்க மாட்டான். "நாம என்ன செய்யலாம்?" என்று கேட்பான். அப்போது தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அவனோடு உட்கார்ந்து பேசுங்கள்.