பழைய கழலை திடீரென வளர்ந்தால்

ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கழுத்தில் கழலையோடு நடமாடும் வயதான பெண்கள் புதிதல்ல. இலங்கையின் ஈரவலயத்தில் அயடீன் குறைபாடு நெடுங்காலம் இருந்தது. 1980களின் பிற்பகுதியில் நடந்த ஆய்வொன்றில் பாடசாலைப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கழலை காணப்பட்டது. உப்பில் அயடீன் சேர்ப்பது 1990களில் கட்டாயமானது. அதற்கு முன்பே வளர்ந்துவிட்ட தலைமுறைக்கு இன்று அறுபது, எழுபது வயது. "இருபது வருசமா இருக்கு, ஒன்னும் செய்யல" என்பார்கள். பெரும்பாலானோர் விஷயத்தில் அது உண்மையும்கூட.

அதே கழலை இரண்டு மூன்று வாரங்களில் கண்ணுக்குத் தெரிய வளர்ந்து, கல்லாக இறுகி, குரல் கம்மி, சோறு விழுங்கச் சிரமமானால் கதை வேறு. அனாபிளாஸ்டிக் எனப்படும் தைரொயிட் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. தைரொயிட் புற்றுநோய்களில் மிகப் பெரும்பான்மை பாபிலரி வகை. அது மெதுவாக வளரும், அறுவைச் சிகிச்சைக்கும் கதிரியக்க அயடீனுக்கும் நன்றாக அடங்கும். அனாபிளாஸ்டிக் நூற்றில் ஒன்றிரண்டுதான். ஆனால் தைரொயிட் புற்றுநோய் மரணங்களில் அதன் பங்கு அந்த எண்ணிக்கைக்குப் பொருத்தமே இல்லாமல் பெரியது. நோய் கண்டறியப்பட்டவர்களில் பாதிப்பேர் ஏறத்தாழ ஐந்து மாதங்களைத் தாண்டுவதில்லை. தைரொயிட் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்தாலும் இதை நான்காம் நிலை என்றே கணக்கிடுகிறார்கள்.

நுண்காட்டியில் பார்த்தால் காரணம் புரியும். இயல்பான தைரொயிட் திசுவில் வட்ட வட்டமான சிறு பைகள், உள்ளே இளஞ்சிவப்பாகச் சாயமேறிய கூழ், சுற்றிலும் ஒழுங்காக நிற்கும் ஒற்றை வரிசைக் கலங்கள். அனாபிளாஸ்டிக்கில் இந்த ஒழுங்கு முற்றாகக் கலைந்துவிடும். நீண்டு ஒடுங்கிய கலங்கள், பல கருக்கள் கொண்ட பூதாகாரமான கலங்கள், எங்கு பார்த்தாலும் பிளவுபடும் கருக்கள், நடுநடுவே செத்துப்போன திசுத் திட்டுகள். சில வெட்டுத் துண்டுகளின் ஓரத்தில் பழைய பாபிலரி புற்றுநோயின் எச்சமும் தெரியும். பல ஆண்டுகள் சாதுவாக இருந்த கட்டியே பி53 போன்ற காவல் மரபணுக்களை இழந்து இப்படி மாறியதற்கு அதுவே சாட்சி. இந்தக் கலங்கள் அயடீனை உள்ளிழுக்கும் திறனையும் தொலைத்துவிட்டவை. கதிரியக்க அயடீன் கொடுத்துப் பயனில்லை என்பதும் அதனால்தான்.

ஆனாலும் பார்த்த மாத்திரத்தில் முடிவு கட்டிவிட முடியாது. வேகமாக வளரும் கழுத்துக் கட்டி, லிம்போமா எனப்படும் நிணநீர்க் கலப் புற்றுநோயாகவும் இருக்கலாம். இரண்டும் வெளியே ஒன்றுபோலத் தெரிந்தாலும், லிம்போமா மருந்துக்குப் பெரும்பாலும் நன்றாக இணங்கும். அதைத் தவறவிடுவது காப்பாற்றக்கூடிய ஓர் உயிரைத் தவறவிடுவது. ஆகவே நோயியல் நிபுணர் சிறப்புச் சாயங்களைக் கேட்பார். சிடி45 பிடித்தால் லிம்போமாவின் பக்கம், கல்சிட்டோனின் பிடித்தால் மெடுலரி என்ற இன்னொரு வகைத் தைரொயிட் புற்றுநோயின் பக்கம். அனாபிளாஸ்டிக்கில் தைரொயிட்டின் அடையாளப் புரதமான தைரோகுளோபுலின் பெரும்பாலும் மறைந்திருக்கும், பாக்ஸ்8 என்ற புரதம் மட்டும் பலரிடம் மிஞ்சியிருக்கும். பிராஃப் மரபணுவில் வி600இ என்ற மாற்றம் இருக்கிறதா என்பதும் முக்கியமான கேள்வி. இருந்தால் டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற இரு மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று 2018இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் அனுமதித்தது. விலை கடுமையானது. இருந்தும், மருத்துவர்கள் கைவிரித்துக்கொண்டிருந்த நோயில் இது பெரிய மாற்றம்.

இத்தனை சோதனைக்கும் போதிய திசு வேண்டும். மெல்லிய ஊசியால் உறிஞ்சும் சோதனை வழக்கமான முதற்படிதான், ஆனால் இங்கே அது ஏமாற்றக்கூடும். ஊசி செத்த திசுவில் இறங்கினால் வருவது குப்பை. பழைய பாபிலரி பகுதியில் இறங்கினால் "பாபிலரி" என்று அறிக்கை வரும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். நோயின் வேகத்துக்கும் அறிக்கைக்கும் பொருந்தவில்லை என்றால் தடித்த ஊசியாலோ சிறு அறுவையாலோ பயொப்சி எடுத்தாக வேண்டும், அதுவும் சில நாட்களுக்குள். கூடவே குரல்வளையை உள்நோக்கிப் பார்ப்பதும் சீ.ரி. ஸ்கேனும் தேவை. கட்டி மூச்சுக்குழாயை நெரிக்கிறதா என்பது சிகிச்சைக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

கட்டி வளரும் வேகத்தை அறிந்தவர்கள் நோயாளியும் வீட்டாரும்தான். கண்ணாடித் துண்டை மட்டும் பார்க்கும் நிபுணருக்கு அது தெரிய வழியில்லை. நாட்சம்பளம் போய்விடுமே என்று தள்ளிப்போட்டு, தோட்டத்து மருந்து நிலையத்தில் தொண்டைவலி மருந்து வாங்கிக் குடித்துக் கழிந்த வாரங்களையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெல்தெனிய ஆதார வைத்தியசாலைக்கோ கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ போகும்போது பழைய ஸ்கேன் அறிக்கைகளை எடுத்துச் செல்லுங்கள். கட்டி எந்த வாரத்திலிருந்து வளர்கிறது, குரல் எப்போது மாறியது என்பதை டாக்டரிடம் சொல்லி, பயொப்சி கோரிக்கைப் படிவத்திலும் அதை எழுதச் சொல்லுங்கள்.