‘வண்டி எவ்வளவு தாங்கும் கண்ணு?’ - பிக்-அப்பில் வீடு கட்ட நினைப்பவர்களுக்கு பெரியப்பா கேட்ட ஒரு கேள்வி

அந்த ரீல்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மலை உச்சியில் ஒரு பிக்-அப் டிரக் நிற்கும். பின்பக்கக் கதவு திறக்கும். உள்ளே மெத்தை, குட்டி அடுப்பு, ஃப்ரிட்ஜ், மஞ்சள் விளக்கு. ஒருவர் காபி டம்ளரோடு உட்கார்ந்து பனியைப் பார்த்துக்கொண்டிருப்பார். 30 விநாடிதான். ஒரு ஹார்ட்டைப் போட்டுவிட்டு, நாம் இறங்கவேண்டிய ஸ்டேஷன் வந்துவிட்டதா என்று எட்டிப் பார்ப்போம்.

என் அண்ணன் ஹார்ட்டோடு நிற்கவில்லை. பெரியப்பா மகன், கோவையில் வேலை. ஐந்து வருடமாகச் சேர்த்த பணத்தில் பழைய பிக்-அப் ஒன்றை வாங்கி, பின்னால் கேம்பர் கட்டி, அண்ணியோடு லடாக் வரை போய் வருவது என்று முடிவே செய்துவிட்டான். “நீதான் ஆன்லைன் பத்திரிகையில இருக்கியே, விவரமெல்லாம் எடுத்துக் குடு” என்று என்னிடம் வேலையும் கொடுத்தான்.

பொங்கலுக்கு நாமக்கல் போயிருந்தபோது, தான் வரைந்து வைத்திருந்த படத்தைப் பெரியப்பாவிடம் காட்டினான். கட்டில், சிங்க், ஷவர், மேலே சோலார், பக்கவாட்டில் பந்தல். எதுவும் விட்டுப்போகவில்லை. பெரியப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தை நிதானமாகப் பார்த்தார். கேட்டது ஒரே ஒரு கேள்விதான்.

“எல்லாஞ் சரி கண்ணு. வண்டி எவ்வளவு தாங்கும்னு பாத்தியா?”

அண்ணன் பார்க்கவில்லை. நானும் அதுவரை பார்த்த நூற்றுக்கணக்கான ரீல்ஸில் யாரும் அதைச் சொல்லிக் கேட்டதில்லை. அடுத்த இரண்டு வாரம் இதைப் பற்றியே படித்தேன். பிக்-அப் கேம்பர் என்ற மொத்த சமாச்சாரமும் பெரியப்பாவின் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது.

நோபல் எழுத்தாளரின் நடமாடும் வீடு

இந்த ஆசை இன்ஸ்டாகிராம் காலத்தில் பிறந்ததல்ல. 1960-ல், தன் 58-வது வயதில், அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் ஒரு ஜி.எம்.சி பிக்-அப்பின் முதுகில் சிறிய வீடு ஒன்றைப் பொருத்திக்கொண்டு நாட்டைச் சுற்றக் கிளம்பினார். படகின் கேபின் மாதிரியான அறை. உள்ளே படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் உண்டு. வண்டிக்கு அவர் வைத்த பெயர் ‘ரோசினான்டே’. டான் குயிக்ஸாட் கதையில் வரும் குதிரையின் பெயர் அது. துணைக்கு சார்லி என்ற நாய். சுமார் 10,000 மைல் சுற்றிவிட்டு வந்து எழுதிய ‘டிராவல்ஸ் வித் சார்லி’ 1962-ல் வெளியானது. அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அதே ஆண்டில்தான். அந்த வண்டியை இன்றும் கலிஃபோர்னியாவின் சாலினாஸ் நகரில், அவர் பெயரிலுள்ள மையத்தில் பார்க்கலாம்.

அவரிடம் ஒரு நல்ல யோசனை இருந்தது. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் அழுக்குத் துணி, தண்ணீர், சோப்பு போட்டு, அதை எலாஸ்டிக் கயிற்றில் அலமாரிக்குள் தொங்கவிட்டுவிடுவார். வண்டி குலுங்கக் குலுங்கத் துணி துவைபட்டுவிடும். கரன்ட் செலவில்லாத வாஷிங் மெஷின்!

ஆனால், அவரும் நம் அண்ணன் செய்த தப்பைச் செய்தார். எல்லாவற்றையும் தேவைக்கு மேல் பல மடங்கு ஏற்றிக்கொண்டதாக அவரே ஒப்புக்கொள்கிறார். படிக்காமல் விட்ட புத்தகங்கள் மட்டுமே 150 பவுண்ட், அதாவது சுமார் 68 கிலோ. ஓர் ஆள் எடை! கடைசியில் ஓரிகான் மாநிலத்தில், கொட்டும் மழையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்பக்க டயர் வெடித்தது. சேற்றில் கிடந்து ஸ்டெப்னி மாற்ற வேண்டியதாயிற்று. நோபல் எழுத்தாளர் என்பதற்காக டயர் சலுகை காட்டவில்லை.

ஆயிரம் கிலோ எங்கே போகிறது?

ஆர்.சி புத்தகத்தில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று, வண்டியின் வெறும் எடை. இன்னொன்று, லோடோடு சேர்த்து அனுமதிக்கப்பட்ட மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. லாரிக்காரர்கள் ‘எத்தனை டன் பாஸிங்?’ என்று கேட்பது இதைத்தான்.

பிக்-அப் பயணத்துக்குப் பெயர்போன ஆஸ்திரேலியாவில், ‘ஒரு டன் யூட்’ என்றே ஒரு வகை வண்டியைச் சொல்வார்கள். அப்படி 1,000 கிலோ தாங்கும் வண்டி ஒன்று நம்மிடம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அண்ணனும் நானும் ஒரு நோட்டில் கணக்குப் போட்டோம்.

- கூரை உயரும் இலகுவகை கேம்பர், வெறுமையாக: 450 கிலோ
- இரண்டு பேர்: 140 கிலோ
- தண்ணீர் 80 லிட்டர்: 80 கிலோ
- முன்பக்க இரும்பு பம்பர், வின்ச்: 80 கிலோ
- இன்னொரு ஸ்டெப்னி, ஜாக்கி, டூல்ஸ், கயிறு: 70 கிலோ
- பேட்டரி, சோலார், இன்வெர்ட்டர், ஒயர்: 60 கிலோ
- உடை, படுக்கை, நாற்காலி, மேஜை: 50 கிலோ
- ஃப்ரிட்ஜ், மளிகை: 40 கிலோ
- அடுப்பு, காஸ், பாத்திரம்: 20 கிலோ

கூட்டினால் 990 கிலோ. இன்னும் ஷவரே வரவில்லை. கூடுதலாக 20 லிட்டர் டீசல் கேன் ஒன்றை ஏற்றினால், டீசல் மட்டுமே சுமார் 17 கிலோ. முடிந்தது, எல்லை தாண்டிவிட்டோம். அண்ணன் நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“பின்னாடி ரெண்டு ஸ்பிரிங் பட்டை சேத்திப் போட்டா?” என்று பெரியப்பாவிடம் கேட்டான். அவர் சிரித்தார். பட்டை சேர்த்தால் வண்டியின் பின்பக்கம் தொங்காமல் நிற்கும், அவ்வளவுதான். பிரேக், ஆக்ஸில், வீல் பேரிங், டயர், சேஸிஸ் எல்லாம் பழைய கணக்குக்குச் செய்தவைதானே? சட்டப்படி அனுமதிக்கப்பட்ட எடையும் அதனால் ஏறாது.

எவ்வளவு மட்டுமல்ல, எங்கே?

சைக்கிள் கேரியரில் அரிசி மூட்டை கட்டிக்கொண்டு போன அனுபவம் உண்டா? மூட்டை கொஞ்சம் பின்னால் தள்ளிப்போனால், ஹேண்டில் லேசாகிவிடும். மேட்டில் முன் சக்கரம் தூக்கப் பார்க்கும். பிக்-அப்பிலும் அதே கதைதான். பின் ஆக்ஸிலுக்குப் பின்னால் பாரம் போனால், முன் சக்கரத்தின் பிடி குறையும். திருப்பத்தில் வண்டி சொன்னபடி கேட்காது.

நான்கு கதவு வைத்த டபுள் கேப் வண்டிகளில் இது இன்னும் சிக்கல். பின்தொட்டி குட்டையாக இருப்பதால் கேம்பரின் பாதி வெளியே நீண்டுவிடும். அதற்கும் பின்னால் ஸ்டெப்னியையும் கேன்களையும் தொங்கவிட்டு, கரடுமுரடான பாதையில் குதிக்கவிட்டால், ஒவ்வொரு பள்ளத்திலும் சேஸிஸுக்குச் சம்மட்டி அடிதான். அதிக பாரத்தோடு ஓட்டப்பட்ட பிக்-அப்களின் சேஸிஸ், கேபினுக்குப் பின்னால் வளைந்துபோனது ஆஸ்திரேலியாவில் பலர் பட்டறிந்த பாடம்.

அதனால் விதி எளிது. கனமான தண்ணீர் டேங்க், பேட்டரி, டூல்ஸ் எல்லாம் கீழே, கேபினை ஒட்டி முன்பக்கம். போர்வை, துணி போன்ற லேசானவை மேலே, பின்னால். கூரையில் எடை ஏற ஏற, வளைவில் வண்டி சாயும்.

கரன்ட், தண்ணீர், காஸ்

கரன்ட்: வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் ஃப்ரிட்ஜை ஓட்டினால், காலையில் தள்ளித்தான் ஸ்டார்ட் செய்யவேண்டும். வீட்டுத் தேவைக்குத் தனி பேட்டரி வேண்டும். 12 வோல்ட்டில் ஓடும் சின்ன ஃப்ரிட்ஜ், வெயில் நாளில் 30 முதல் 40 ஆம்பியர்-ஹவர் வரை இழுக்கும். 100 ஆம்பியர்-ஹவர் லெட் ஆசிட் பேட்டரியில் பாதியைத்தான் செலவழிப்பது நல்லது. அதன் எடை 30 கிலோவை நெருங்கும். அதே அளவு லித்தியம் பேட்டரியில் பெரும்பகுதியைச் செலவழிக்கலாம். எடை 12 கிலோ அளவுதான். விலை அதிகம். ஆனால் கிலோவைக் காசாக எண்ணும் இந்த விளையாட்டில், அந்த விலைக்கு அர்த்தம் உண்டு. எல்லா ஒயரிலும், பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும். குலுங்கும் வண்டியில் ஒயர் உரசித் தேய்ந்தால், தீயைத் தடுப்பது அந்தச் சின்ன ஃபியூஸ்தான்.

தண்ணீர்: ஒரு லிட்டர் ஒரு கிலோ. பாதி காலியான பெரிய டேங்கில் தண்ணீர் அலையடித்து வண்டியையே ஆட்டும். உள்ளே தடுப்புள்ள டேங்க், அல்லது சின்னச் சின்ன கேன்கள் நல்லது.

காஸ்: உயிர் விஷயம் என்பதால் இதைக் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். எல்.பி.ஜி காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் வைக்கும் பெட்டி உள்ளறையோடு தொடர்பில்லாமல், அடியில் வெளிக்காற்று போகும் துளையோடு இருக்கவேண்டும். அதைவிட ஆபத்து, குளிருக்காகக் கதவை மூடிக்கொண்டு உள்ளே அடுப்பையோ கரியையோ எரியவிட்டுத் தூங்குவது. அப்போது உருவாகும் கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூக்கத்திலேயே உயிர் போகும். சமையலை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே காற்றுப்போக்கும் கார்பன் மோனாக்ஸைடு அலாரமும் கட்டாயம். ரீல்ஸில் அழகாகத் தெரியும் மஞ்சள் விளக்குக்கு முன்னால் வாங்கவேண்டியது இந்த அலாரம்.

நம் ஊரில் கட்டலாமா?

லாரி பாடிக்கு நாமக்கல், பஸ் பாடிக்கு கரூர் என்று பெயர் எடுத்த ஊர் நம்முடையது. கட்டித்தர ஆள் கிடைக்கும். கேள்வி சட்டத்தில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தத்தின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காரணம் காட்டி, விபத்து நேரத்தில் இன்ஷூரன்ஸ் கைவிரிக்கவும் வாய்ப்பு உண்டு.

அதனால் வெல்டிங் மெஷினைத் தொடுவதற்கு முன், படத்தை எடுத்துக்கொண்டு ஆர்.டி.ஓ அலுவலகத்துக்குப் போய்க் கேட்டுவிடுங்கள். முறையான ஒப்புதலோடு தயாரிக்கப்படும் கேரவன்களும் உண்டு; அவை தனி விலை. வண்டி ஓடும்போது பின்னால் கேம்பருக்குள் யாரையும் உட்காரவைக்காதீர்கள். குழந்தைகளைக் கட்டாயம் வேண்டாம்.

கொல்லிமலை சொன்ன தீர்ப்பு

கணக்கைப் பார்த்த பிறகும் அண்ணனுக்கு மனசு ஆறவில்லை. “சொன்னா ஏறாது, ஓட்டிப் பாத்துடு” என்றார் பெரியப்பா. சொந்தக்காரர் ஒருவரின் பிக்-அப்பை வாங்கி, 20 லிட்டர் தண்ணீர் கேன் முப்பதை ஏற்றினோம். 600 கிலோ. பாஸிங்குக்கு உள்ளேதான். எடை மேடையில் நிறுத்திச் சரிபார்த்துவிட்டு, கொல்லிமலைக்கு விட்டோம். 70 கொண்டை ஊசி வளைவுகள்.

ஏறும்போது அண்ணன் பாட்டுப் பாடினான். இறங்கும்போது பாதியில் பாட்டு நின்றுவிட்டது. கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்து வந்ததில், கருகும் வாடை. ஓரமாக நிறுத்தி, பிரேக் ஆறும்வரை முக்கால் மணி நேரம் மூன்று பேரும் கல்லில் உட்கார்ந்திருந்தோம். பெரியப்பா திட்டவில்லை. மிச்ச வளைவுகளை இரண்டாவது கியரிலேயே இறக்கிக் காட்டினார்.

அன்றைக்கு இரவு அண்ணன் தன் படத்தை எடுத்து, ஒவ்வொன்றாக அடித்தான். ஷவர் போனது. சிங்க் போனது. இரும்பு பம்பர் போனது. கேம்பர் பெட்டியே போனது. மிஞ்சியவை, கழற்றி இறக்கிவிடக்கூடிய மெத்தைப் பலகை ஒன்று, சாமான் பெட்டி நான்கு, தார்ப்பாய் பந்தல், ஒரு பேட்டரி, ஒரு சின்ன ஃப்ரிட்ஜ். ஆளையும் தண்ணீரையும் சேர்த்தே 400 கிலோவுக்குள் அடங்கிவிட்டது. சேர்த்த பணத்தில் பாதிக்கு மேல் மிச்சம். அதில் நல்ல டயர் வாங்குவானாம், மீதி டீசலுக்கு. லடாக்குக்கு முன்னால் வால்பாறை, அப்புறம் தனுஷ்கோடி என்று சின்னச் சின்னதாக ஓட்டிப் பழகப்போகிறான்.

அடித்த படத்தைப் பெரியப்பாவிடம் நீட்டினான். மறுபடியும் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார்.

“இப்ப வண்டி தாங்கும்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “முன்னாடி மூணு பேர் உக்கார முடியுமா?” என்று கேட்டார்.